மச்சான் போனில் வந்த படம்

கேள்வி: வணக்கம் மேடம். மதுரை மாவட்டத்தில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். தை மாதம், மாடு குத்தியதில் அடிவயிற்றில் காயத்துடன் ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். வயிற்றைத் திறப்பதா, சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி போதுமா என்று கருத்துக் கேட்பதற்காகக் காயத்தின் படத்தையும் சி.டி. ஸ்கேனையும் டாக்டர்கள் மட்டும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். இருநூறு பேருக்கு மேல் உள்ள குரூப் அது. முகம் இல்லை, பெயரும் எழுதவில்லை. நல்ல ஆலோசனை கிடைத்தது, லேப்ராஸ்கோப்பியிலேயே முடித்தோம், பையன் நலமாக வீட்டுக்குப் போனார். சில வாரம் கழித்து அவருடைய மச்சான் வந்து அதே படத்தைத் தன் போனில் காட்டி, “இது எப்படி சார் எங்க ஊர் குரூப்புக்கு வந்துச்சு?” என்றார். பையனுக்கு வைகாசியில் கல்யாணம். இனி மாடு பிடிக்கப் போகமாட்டேன் என்று பெண் வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாராம். வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் கூட்டத்தில் விழுந்துவிட்டார் என்றுதான் அங்கே சொல்லியிருக்கிறார்கள். இப்போது அதுவும் சிக்கல். அடுத்த மாதம் மதுரையில் மருத்துவர்கள் கூட்டத்தில் இதே கேஸை வீடியோவுடன் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ‘படங்கள் எடுக்கவும் பயன்படுத்தவும் சம்மதம்’ என்ற வரி எங்கள் அட்மிஷன் படிவத்தில் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. முகம் தெரியாவிட்டால் சம்மதமே தேவையில்லை என்கிறார் என் சீனியர். அவர் சொல்வது சரியா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

கடிதத்தோடு அந்தக் காயத்தின் படத்தையும் இணைத்து அனுப்பியிருந்தீர்கள். உங்கள் கேள்வி புரிய அது எனக்குத் தேவைப்படவில்லை, நீக்கிவிட்டேன். ஆனால் நீக்கும் முன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். படத்தின் மேல் ஓரத்தில், சுருட்டி ஏற்றிவிட்ட பனியனில் எண்ணின் பாதி தெரிகிறது. மாடுபிடி வீரர்கள் சுற்றுக்கு ஒரு நிறத்தில், எண் அச்சிட்ட பனியனோடுதான் களத்தில் இறங்குகிறார்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றையும் டி.வி.யில் நேரலையாக ஊரே பார்க்கிறது. பனியனின் நிறமும் அரை எண்ணும் இருந்தால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பெயரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. முகத்தை மறைத்தோம் என்று நீங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். பையனை அவருடைய பனியன் காட்டிக்கொடுத்திருக்கிறது.

உங்கள் கடிதத்தை வெளியிடும்போது காயம் பட்ட இடத்தையும் குடும்ப விவரத்தில் ஒன்றையும் மாற்றியிருக்கிறேன். எதை மாற்றினேன் என்பது உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. இந்த மாதிரி ஒரு கேள்வி-பதில் பகுதியில் நான் அப்படிச் செய்யலாம். கூட்டத்தில் பேசும்போது நீங்கள் செய்யக்கூடாது. அறிவியல் மேடையில் ஒரு விவரம் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்றால் அதை விட்டுவிட வேண்டும். மாற்றிச் சொன்னால் அது பொய்த் தரவாகிவிடும். இருபத்தாறு வயதை முப்பத்தொன்று என்று சொல்லக்கூடாது, ‘இருபதுகளில் இருக்கும் ஆண்’ என்று சொல்லலாம்.

சரி, உங்கள் சீனியர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 7.17 என்ற விதி, நோயாளி யார் என்று தெரியும்படியான படத்தையோ கேஸ் விவரத்தையோ அவர் அனுமதியில்லாமல் வெளியிடக்கூடாது என்கிறது. யார் என்று தெரியாதபடி வெளியிட்டால் அனுமதி தேவையில்லை என்றும் அதே விதி சொல்கிறது. 2023 ஆகஸ்டில், அந்தக் கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது, சமூக ஊடகத்துக்கென்றே அதில் ஒரு பகுதி இருந்தது. அதே மாதம் அவற்றை நிறுத்திவைத்துவிட்டார்கள். அதனால் 2002 விதிகள்தான் இன்றைக்கும் நம் கையில் இருக்கின்றன.

ஆனால் விதியில் முகம் என்ற பேச்சே இல்லை, யார் என்று தெரிகிறதா என்பதுதான் கேள்வி. யாருக்குத் தெரியக்கூடாது என்று உங்கள் சீனியர் யோசித்துப் பார்த்தாரா? சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் டாக்டருக்கு அந்த வயிறு யாருடையது என்று கவலையே இல்லை, முகத்தோடு போட்டாலும் அவருக்கு அது ஒரு கேஸ்தான். நாம் மறைக்க வேண்டியது தெரிந்தவர்களிடமிருந்து. பங்காளி, பெண் வீட்டார், கடன் கொடுத்தவர், வேலை கொடுப்பவர், அடுத்த தெருக்காரர். அவர்களுக்கு முகம் தேவையில்லை. ‘தை மாதம், மாடு குத்து, மதுரைப் பக்கம், இருபத்தாறு வயது’ என்றாலே போதும். மாநகரத்தில் பொதுவான தகவலாக இருப்பது நம் ஊரில் ஆளின் பெயருக்குச் சமம். அரிய நோய் என்றாலும் இதே கதைதான். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் குறிப்பிட்ட தோல் நோய் உள்ள ஒரே குடும்பம் என்றால், கையை மட்டும் படம் எடுத்தாலும் அது அந்தக் குடும்பத்தின் கைதான்.

கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போடும் பழக்கமும் இதனால்தான் எனக்கு எரிச்சலூட்டும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, கண்ணை மட்டும் மறைப்பது போதாது என்று தன் பரிந்துரையில் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. நம்மிடம் இன்னும் பாதி ஸ்லைடுகளில் அந்தப் பட்டைதான். பாம்படம் போட்டு வளர்த்த காது, முன்கையில் பச்சை குத்திய பெயர், தாலியின் வடிவம், தழும்பு, மச்சம் என்று எத்தனையோ இருக்கின்றன. கண்ணைக் கட்டிவிட்டால் பேரனுக்குப் பாட்டியைத் தெரியாதா என்ன?

அடுத்து குரூப். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்டது தவறே இல்லை. ஒரு மருத்துவர் தன் நோயாளிக்காக இன்னொரு மருத்துவரிடம் தொலைவழியாக ஆலோசனை கேட்கலாம் என்று 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. உங்களால் அந்தப் பையனுக்கு வயிற்றில் பெரிய வெட்டு விழாமல் போனது. ஆனால் இருநூறு பேர் இருக்கும் குரூப் ஆலோசனை அறை இல்லை, டவுன் ஹால் ரோடு. அங்கே யார் இருக்கிறார்கள் என்று அட்மினுக்கே தெரியாது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி இருப்பார், எண் மாறியவர் இருப்பார், டாக்டரின் போனைப் பிள்ளைகள் வைத்து விளையாடுவார்கள். அந்த இரவு உங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர். அவர்களை அழைத்துப் பேசி, அவர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுப்பியிருந்தால் இதே பதில் இன்னும் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

அப்படி அனுப்பும்போதும் காயத்தைச் சுற்றிப் பச்சைத் துணியை விரித்து, காயம் மட்டும் சட்டத்துக்குள் வரும்படி எடுங்கள். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் அவசரத்தில் மறந்துவிடும். கட்டிலில் ஒட்டிய சீட்டு, கேஸ் ஷீட், பின்னால் நிற்கும் அக்கா என எல்லாமே உள்ளே வந்துவிடும். வாட்ஸ்அப்பில் வரும் படம் தானாக கேலரிக்குப் போகாதபடி அமைப்பில் மாற்றிவிடுங்கள். கூகுள் போட்டோஸ் தானாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தால், நோயாளியின் குடல் உங்கள் வீட்டு டி.வி.யில் குடும்பப் படங்களுக்கு நடுவே ஓடும். சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிற விஷயம்தான். வாட்ஸ்அப்பைத் திறந்தே வைத்திருக்கும் நர்ஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டரையும் மறக்காதீர்கள். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பும் வசதி உதவும், இன்னொரு போனை எதிரே பிடித்துப் படம் எடுப்பதை அது தடுக்காது.

ஸ்கேன் விஷயம் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் டைகாம் என்ற கோப்பு வடிவில் இருக்கும். படத்தோடு சேர்ந்தே பெயர், பிறந்த தேதி, நோயாளி எண், மருத்துவமனை, ஸ்கேன் எடுத்த நேரம் எல்லாம் உள்ளே தனித் தகவல்களாகப் பதிந்திருக்கும். திரையில் தெரியாவிட்டாலும் கோப்பில் இருக்கும். எனவே சி.டி.யை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது முழு கேஸ் ஷீட்டையும் கொடுப்பதற்குச் சமம். பெயர் நீக்கித் தரும்படி உங்கள் ஸ்கேன் சென்டரில் கேளுங்கள். ஸ்கேனைப் பார்க்க உதவும் பெரும்பாலான மென்பொருள்களில் அந்த வசதி இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. அல்ட்ராசவுண்ட் இன்னும் மோசம். அதில் பெயர் படத்தின் மேலேயே எழுதப்பட்டுவிடும், கோப்பில் தகவலை நீக்கினாலும் படத்தில் நிற்கும். அந்தப் பகுதியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். தலை ஸ்கேனில் வேறொரு ஆபத்து உண்டு. அந்தத் துண்டுகளை அடுக்கினால் முகத்தையே உருவாக்கிவிடலாம். 2019-இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் தலை எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து உருவாக்கிய முகங்களை, முகம் அறியும் மென்பொருளைக் கொண்டு அதே ஆட்களின் புகைப்படங்களோடு ஒப்பிட்டார்கள். 84 பேரில் 70 பேருக்குச் சரியான ஆளை அது முதலிடத்தில் காட்டியது. உங்கள் கேஸ் வயிறு என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது வீடியோ. லேப்ராஸ்கோப்பி வீடியோ என்றால் உள்ளே குடலும் கொழுப்பும்தானே, அதில் யார் தெரியப்போகிறார்கள் என்று எல்லோரும் நினைக்கிறோம். லென்ஸில் மூட்டம் படியும்போதெல்லாம் ஸ்கோப்பை வெளியே எடுத்துத் துடைப்பீர்கள் இல்லையா? அப்போது கேமரா அணையாது. நோயாளியின் உடம்பு, மயக்க மருந்து கொடுப்பவர், தியேட்டர் சுவரில் அன்றைய லிஸ்ட் எழுதிய பலகை என்று எல்லாம் ஓரிரு விநாடி பதிவாகும். தொடக்கத்திலும் முடிவிலும் இன்னும் அதிகமாக இருக்கும். வேகமாக ஓட்டிப் பார்த்தால் இது கண்ணில் படாது. ஒருமுறை உட்கார்ந்து நிதானமாக முழுவதையும் பாருங்கள், அந்தத் துண்டுகளை மங்கலாக்க வேண்டாம், வெட்டியே எறியுங்கள். சில ரெக்கார்டர்கள் திரையின் மூலையில் பெயரையும் நோயாளி எண்ணையும் போடும். கோப்புக்கே நோயாளியின் பெயரை வைக்கும் வழக்கமும் உண்டு, மேடையில் கோப்பைத் திறக்கும்போது பெரிய திரையில் முதலில் தெரிவது அதுதான். மானிட்டரைப் போனில் படம் பிடித்திருந்தால் ஒலியை நீக்கிவிடுங்கள். தியேட்டரில் நாம் என்னவெல்லாம் பேசுகிறோம் என்பது நமக்குத் தெரியும்.

பவர்பாயிண்டில் படத்தை ஓரம் வெட்டினால் வெட்டிய பகுதி போய்விட்டதாக நினைக்காதீர்கள். அது உள்ளேயே ஒளிந்திருக்கும், கோப்பு கையில் கிடைத்தவர் இழுத்துப் பார்த்தால் திரும்ப வரும். மேலே வைத்த கறுப்புக் கட்டமும் அப்படித்தான், நகர்த்தினால் நகரும். படத்தை வெளியே தனியாக வெட்டிச் சேமித்து, அதைத்தான் ஸ்லைடில் வைக்க வேண்டும். அரங்கத்து லேப்டாப்பில் உங்கள் கோப்பை இறக்கியிருந்தால் பேசி முடித்ததும் அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு இறங்குங்கள். கூட்டத்தை யூடியூபில் நேரலை விடுகிறார்களா என்று முன்கூட்டியே ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். இப்போதெல்லாம் கேட்காமலேயே விடுகிறார்கள். அறைக்குள் நூறு டாக்டர்களிடம் காட்ட ஒருவர் சம்மதித்தால் அது யூடியூபுக்குச் சம்மதம் ஆகாது.

இதையொட்டித்தான் அட்மிஷன் படிவத்தின் அந்த வரி. வலியில் துடிப்பவர் பக்கத்தில் நின்று, “இங்க ஒரு சைன் போடுங்க” என்று வாங்கிய கையெழுத்து அது. ‘பயன்படுத்தவும்’ என்றால் எதற்கு, யாரிடம், எவ்வளவு காலம்? 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, கட்டாயமின்றிக் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்தது போலவே எளிதாக இருக்க வேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்கலாம் என்று உங்கள் நிர்வாகம் சொன்னால், பொறுப்பு டாக்டரோடு நிற்காமல் மருத்துவமனைக்கும் வரும் என்பதையும், பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய் என்பதையும் சொல்லிப் பாருங்கள். படிவம் மாறிவிடும்.

எச்.ஐ.வி., மனநலம், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், குழந்தைகள் ஆகியோருக்குத் தனித்தனிச் சட்டங்களே இருக்கின்றன. அந்தக் கேஸ்களில் கைவைக்கும் முன் வக்கீலிடம் கேளுங்கள். அந்தரங்க உறுப்பின் படத்தைச் சம்மதமில்லாமல் எடுத்தாலோ அனுப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இறந்துபோனவர் என்றாலும் ரகசியம் முடிவதில்லை. நாம் எடுக்கும் ஜெனீவா உறுதிமொழியிலேயே நோயாளி இறந்த பிறகும் அவர் ரகசியத்தைக் காப்பேன் என்ற வரி இருக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குரூப் அட்மினிடம் சொல்லிப் படத்தை நீக்கச் சொல்லுங்கள், வெளியே அனுப்பியவரை எச்சரிக்கச் சொல்லுங்கள். எல்லோருடைய போனிலும் இருந்து அது போய்விடாது, ஆனாலும் மேலும் பரவுவது குறையும். நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். பயத்தில் எல்லாப் படங்களையும் அழித்துவிடாதீர்கள்! மாடு குத்திய கேஸ் என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டிருப்பீர்கள், நாளைக்குக் கோர்ட்டில் கேட்டால் ஆவணம் வேண்டும். மூலப் படங்களையும் வீடியோவையும் மருத்துவமனைக் கோப்பில் சேர்த்துவிட்டு, அதன் பிறகு உங்கள் சொந்தப் போனிலிருந்து நீக்குங்கள். மருத்துவ ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே 2002 விதிகளில் இருக்கிறது.

பையனிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். மச்சான் வழியாகவோ வார்டு பையன் வழியாகவோ சொல்லி அனுப்ப வேண்டாம். கருத்துக் கேட்க அனுப்பினேன், யாரோ வெளியே விட்டுவிட்டார்கள், அது என் வழியாகத்தான் போனது என்று நேராகச் சொல்லி வருத்தம் தெரிவியுங்கள். பெண் வீட்டுச் சிக்கலில் தலையிடாதீர்கள். “நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர்” என்று அவர் கூப்பிட்டாலும் பொய் சொல்லப் போகாதீர்கள். அங்கிருந்து யாராவது உங்களைக் கேட்டால், நோயாளியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்ற ஒரே பதில் போதும்.

இந்தப் பேச்சையும் வீடியோ சம்மதத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். மன்னிப்புக் கேட்ட கையோடு கையெழுத்துக் கேட்டால் முன்னது நடிப்பாகிவிடும். சில நாள் போகட்டும். கேட்பதும் உங்களைவிட நர்ஸோ கவுன்சலரோ கேட்டால் நல்லது, ஏனென்றால் உயிர் பிழைக்க வைத்த டாக்டர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. தமிழில், இந்த அளவுக்கு எளிமையாக எழுதிக் கொடுங்கள்:

‘உங்கள் ஆபரேஷன் வீடியோவில் நான்கு நிமிடத்தை மதுரையில் டாக்டர்கள் கூட்டத்தில் காட்ட விரும்புகிறோம். பெயர், ஊர், முகம், நாள் எதுவும் இருக்காது. முதலில் நீங்களே பார்த்துவிட்டுச் சொல்லலாம். இணையத்தில் போடமாட்டோம். வேண்டாம் என்றால் உங்கள் வைத்தியத்தில் எந்த மாற்றமும் இருக்காது. சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு மனம் மாறினாலும் கூட்டத்துக்கு முன்பு சொன்னால் நிறுத்திவிடுவோம். காட்டிய பிறகு திரும்பப் பெற முடியாது.’

அவர் பார்த்துவிட்டு ‘இதை வெச்சு என்னைக் கண்டுபிடிச்சிருவாங்க’ என்று ஏதாவது ஒன்றைக் காட்டினால் விவாதிக்காமல் அதை எடுத்துவிடுங்கள். தன் ஊருக்கு எது தெரியும் என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். தலைப்பிலிருந்து ஜல்லிக்கட்டு என்ற சொல்லையும் மாதத்தையும் எடுத்துவிட்டு, ‘கொம்புக் காயத்தில் லேப்ராஸ்கோப்பி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சிறிய துளை, உள்ளே கொம்பு எந்தப் பக்கம் திரும்பிப் போனது என்பதே தெரியாத நீண்ட பாதை, அதில் போன மண்ணும் அழுக்கும் என இதுதானே கேஸில் கற்றுக்கொள்ள வேண்டியது? அதற்குப் பாலமேடா அலங்காநல்லூரா என்பது தேவையில்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டாரென்றால் வீடியோவை விட்டுவிடுங்கள். விதி 7.17 இடம் கொடுக்கிறதே என்று அதற்கு மேல் போகாதீர்கள், ஏற்கெனவே ஒருமுறை அவர் படம் ஊருக்குப் போயிருக்கிறது. கொம்பு போன பாதையைக் கையால் வரைந்து காட்டலாம், அது வீடியோவைவிடத் தெளிவாகவே புரியும்.

அவரைக் கூப்பிடும்போது கேஸ் ஷீட்டில் இருக்கும் வீட்டு எண்ணுக்கு அடிக்காதீர்கள். யார் எடுப்பார்கள் என்று தெரியாது, கல்யாண வீடு வேறு. அடுத்த செக்கப்புக்கு வரும்போது, உடன் வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.